கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்

இரு சக்கர வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கத்திரி வெயில் தொடங்கியதும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சூடு, ஸ்டார்ட்டிங், மைலேஜ் பற்றியவை. சத்துவாச்சாரிப் பட்டறையில் வேலைக்கு நடுவே எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் இருக்கும்.

என்னிடம் 1986 மாடல் புல்லட் 350 இருக்கிறது. காலையில் இரண்டு உதையில் எழுகிறது. வேலூர் வரும் வழியில் கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் ஆகிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும் என்கிறார். செய்யலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

ஐயா, போர் வேலையை இப்போது கையில் எடுக்காதீர்கள். சிலிண்டர் தேய்ந்த வண்டி பெரும்பாலும் காலையிலேயே தகராறு செய்யும். சைலன்ஸரில் நீலப் புகை வரும், ஆயில் குறையும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. குளிர்ந்த இஞ்சினில் ஒழுங்காக எழும் வண்டி, சூட்டில் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சரைத்தான்.

விரல் நுனி அளவுள்ள சின்ன உருளை அது. மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். அது திறக்கும் கணத்தில் மின்சாரம் அங்கேயே பொறியாகச் சிதறிப் போகாமல் தடுத்து, பிளக்குக்குப் பொறி தரும் காயில் தன் வேலையைச் செய்ய விடுவது இந்தக் கண்டென்சர்தான். உள்ளே இருக்கும் காப்பு பழசாகிவிட்டால் சூட்டில் மின்சாரம் கசியும். ஆறியதும் பழையபடி ஒழுங்காக நிற்கும். உங்களுடைய அரை மணி நேரக் கணக்கு அதனால் வருவதாகவே படுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. அடுத்த முறை கண்ணமங்கலத்தில் வண்டி முரண்டு பிடிக்கும்போதே, சூட்டோடு, நிழலில் நிறுத்திப் பாயிண்ட் மூடியைக் கழற்றுங்கள். கூட வந்தவரை உதைக்கச் சொல்லிவிட்டுப் பாயிண்ட்டைப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே கொழுத்த வெள்ளைப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிறு நீலப் பொறி என்றால் அது நன்றாக இருக்கிறது. அப்புறம் மூடியைப் போடுவதற்கு முன் பாயிண்ட் முனைகளைத் துடைத்து, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்து இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்டென்சர் மாற்ற ஆகும் செலவு போர் செலவில் சில்லறைதான்.

கண்டென்சர் நன்றாக இருந்தால், வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட்டைப் பாருங்கள். இதை ஆறிய இஞ்சினில்தான் செய்ய வேண்டும், முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். வலப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே இருக்கும் டாப்பெட் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் ஓடிவிடும். டாப்பெட் சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. பழைய வார்ப்பிரும்பு இஞ்சினில் லேசான டிக்டிக் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும்.

சூடான புல்லட்டை உதைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சோக் வேண்டாம். சாவியைப் போட்டு, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். மின்சார ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அது நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதை. ஆக்சிலரேட்டரைத் திருகக் கூடாது. பத்து உதை உதைத்துப் பெட்ரோல் நிறைந்துவிட்டால் சாவியை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து நாலைந்து முறை உதைத்து வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இவ்வளவும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் எழவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு போர் பற்றிப் பேசலாம்.

வெயிலில் ஃபுல் டேங்க் போட்டால் வண்டி வெடித்துவிடும், பாதி டேங்க்தான் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
— மளிகைக் கடைக்காரர், காவேரிப்பாக்கம்

இல்லை. நெருப்போ பொறியோ படாமல் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். நம் வேலூர் வெயில் 42, 43 போனாலும் டேங்க் அதன் பக்கத்தில்கூடப் போகாது. சூட்டில் பெட்ரோல் விரியும், அதனால் மூடியின் கழுத்து வரை தளும்பத் தளும்ப ஊற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். அவ்வளவுதான். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

என் 150 சிசி வண்டியை வாரம் இரண்டு முறை வாட்டர் வாஷ் செய்கிறேன். பளபளவென்று இருக்கிறது. ஆனால் செயின் கடகடவென்று சத்தம் போடுகிறது. இறுக்கினாலும் பத்து நாளில் திரும்ப வருகிறது. செயின் மாற்றிவிடலாமா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, அந்த வாட்டர் வாஷ்தான் உன் செயினைத் தின்கிறது. பிரஷர் தண்ணீர் செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புகுந்து ஆயிலைக் கழுவி எடுத்துவிடும். அதன்மேல் பாலாற்று மணல் ஏற்றிப் போகும் லாரிகளின் தூசு படிந்தால், உள்ளே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கணக்குதான். வண்டியைப் பக்கெட் தண்ணீரில் துணியால் துடை. வீல் பேரிங், ஸ்டீயரிங் கோன் செட் பக்கம் பிரஷர் தண்ணீர் போகவே கூடாது.

மாற்றுவதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துச் சொல்லலாம். பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பின்புறம், சரியாக நடுவில், செயினை விரலால் பிடித்து வெளியே இழு. பல்லின் பாதி தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால் ஆயுள் முடிந்தது. ஸ்பிராக்கெட் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூராகியிருந்தாலும் அப்படித்தான். மாற்றினால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்று. புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் சீக்கிரமே அதுவும் பழசாகிவிடும்.

விலகவில்லை என்றால் செயின் பிழைத்தது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, துடைத்து, காயவிட்டு, 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. உன் வண்டியில் ஓ-ரிங் செயின் இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது, ரப்பர் போய்விடும். தொய்வு எவ்வளவு என்று ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பல வண்டிகளுக்கு 25-லிருந்து 35 மில்லிமீட்டர். பூட்டுக் கண்ணி உள்ள செயினாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எங்கேயாவது தட்டிக் கழன்று விழும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெயின் ஸ்டாண்ட் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதே. துணி ஸ்பிராக்கெட்டில் சிக்கும், விரலும் கூடவே போகும். அப்படி விரல் இழந்தவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். இஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்று.

ஷூ கம்பெனியில் வேலை. 2013-இல் வாங்கிய 100 சிசி வண்டி. லிட்டருக்கு 60 கொடுத்தது, இப்போது 45தான். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். ஏதாவது மருந்து ஊற்றலாமா?
— வாசகர், ஆம்பூர்

மருந்து வேண்டாம், கணக்குப் போடலாம். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அப்படியென்றால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறையும். 60 கொடுத்த வண்டி 56-க்கு இறங்கலாம். அதற்கு முன்பே 10 சதவீதம் கலந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும். உங்களுக்குக் குறைந்திருப்பது நான்கில் ஒரு பங்கு. பெட்ரோல் மேல் பழியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் மீதிக்குக் காரணம் வண்டியிலேயே தங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி விடுங்கள். தானாக இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. முன் சக்கரத்தையும் தூக்கி அப்படியே பாருங்கள். என் பட்டறைக்கு மைலேஜ் இல்லை என்று வரும் நூறு சிசி வண்டிகளில் நான் அதிகம் காண்பது இந்தப் பிரேக் உரசல்தான். அடுத்து டயர் காற்று. வெயிலில் ஓடி வந்து பார்க்காதீர்கள், சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும். காலையில் ஆறிய டயரில் பாருங்கள். பிறகு ஏர் ஃபில்டர். தோல் ஷாப்புகள் பக்கமும் ஹைவே ஓரமும் தினமும் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்க முடியாது.

எத்தனால் விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு. 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் டியூபை விரலால் நசுக்கிப் பாருங்கள். விறைத்தோ, ஊறிப் பிசுபிசுத்தோ இருந்தால் மாற்றுங்கள். கார்பரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு படிந்தால் அது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் கார்பரேட்டரை இப்படி வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை கணக்கிட்டு எழுதுங்கள். பங்க்கில் 100 ரூபாய்க்குப் போட்டுப் பார்க்கும் மைலேஜ் கணக்கு சரிவராது.

காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா?
— சிப்காட் ஊழியர், ராணிப்பேட்டை

ஊற்றாதீர்கள். காரில் கிளட்ச் ஆயிலில் நனையாது. நம் பைக்கில் இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்த்திருக்கும் பொருள் கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வைத்துவிடும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தர முத்திரை 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிரேடு உங்கள் வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். விலை கூடிய ஆயில் எல்லா வண்டிக்கும் நல்லது என்பது கிடையாது.

நான் வேலூரில் நர்ஸ். தினமும் குடியாத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன். உயரம் ஐந்தடி. கியர் வண்டி வாங்க ஆசை. வீட்டில் தம்பிக்கு மட்டும்தான் அதெல்லாம் என்கிறார்கள். சர்வீஸுக்குப் போனாலும் என்னிடம் பேசாமல் தம்பியிடம்தான் பேசுகிறார்கள். நான் என்ன வண்டி பார்க்கலாம்?
— வாசகி, குடியாத்தம்

தங்கச்சி, தினமும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஹைவேயில் வந்து போகிறவர் நீங்கள். வண்டி ஓட்டும் தகுதி பற்றி உங்களிடம் யாரும் பேச வேண்டியதில்லை.

உயரத்தைவிட எடையைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் சீட் 765-தான், கால் நன்றாக ஊன்றும். ஆனால் எடை 190 கிலோவைத் தாண்டும். ஹன்ட்டர் 790, எடை 181. கால் ஊன்றுவது ஒரு பக்கம் இருக்க, சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்குத் தள்ளி எடுக்க முடிகிறதா என்பதுதான் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் தினமும் வரப்போகும் கேள்வி. ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து, எட்டுப் போடுவது போலத் தள்ளிப் பார்க்க விடச் சொல்லுங்கள். முதல் கியர் வண்டிக்கு 125 சிசிக்குள் ஒன்றை எடுங்கள் என்பது என் கருத்து. ஒரு வருடம் ஓட்டினால் அடுத்தது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஸ்கூட்டரிலிருந்து மாறுகிறவர்களுக்குக் கைப்பழக்கம் தடுமாறும். ஸ்கூட்டரில் இடக்கை பின் பிரேக், இதில் இடக்கை கிளட்ச், பின் பிரேக் வலது காலுக்குப் போய்விடும். அவசரத்தில் கை பழையதைத்தான் தேடும். பள்ளிகொண்டா வரை உள்ளூர்ச் சாலையில் கை பழகிய பிறகு ஹைவேயில் ஏறுங்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். பஸ், லாரி முந்தும்போது காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். இரண்டு முழங்காலாலும் டேங்கைப் பிடித்துக்கொண்டால் ஹேண்டில்பார் ஆடாது. துப்பட்டாவைக் கோட்டுக்குள் போட்டு முடிந்துகொள்ளுங்கள்.

சர்வீஸ் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், கழற்றியதையெல்லாம் ஒரு தகரத் தட்டில் வரிசையாக வைத்து, வண்டிக்காரர் வந்து பார்த்த பிறகுதான் பில் எழுதுவார். தேய்ந்த பிரேக் ஷூவையும் புது ஷூவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் விளங்கும். இதைக் காட்ட மறுக்கிற இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். காட்டுகிற மெக்கானிக் யாரிடம் பேசுகிறார் என்பதும் நாளடைவில் மாறிவிடும். ஏனென்றால் கேள்வி கேட்பவர் நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சத்தம் வரும் சைலன்ஸர் மாட்டினால் பிக்கப் கூடுமா?
— மாணவர், பாகாயம்

கூடாது. கம்பெனி சைலன்ஸருக்கு ஏற்றபடி இஞ்சினுக்குப் பெட்ரோல் அளந்து போகிறது. சைலன்ஸரை மட்டும் மாற்றினால் பல வண்டிகளில் நடுவேகத்தில் இழுவை குறையும், இஞ்சினும் கூடுதலாகச் சூடாகும். சட்டப்படியும் குற்றம். அதோடு, தம்பி, நம் ஊர் ஆஸ்பத்திரி ஊர். ஐடா ஸ்கடர் ரோட்டில் நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த நோயாளிகள் நடந்து போகிறார்கள். அந்தச் சாலையில் அந்தச் சத்தத்தோடு போக உனக்கு மனம் வராது என்றே நம்புகிறேன்.

மனைவியோடு ஏலகிரி போய்விட்டு இறங்கும்போது பின் பிரேக் மிதித்தும் பிடிக்கவில்லை. தீய்ந்த வாடை வந்தது. கீழே வந்து அரை மணி கழித்துச் சரியானது. பிரேக் ஷூ டூப்ளிகேட்டா?
— வாசகர், திருப்பத்தூர்

அண்ணே, ஷூ நல்லதாகவே இருக்கலாம். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் உள்ளே சூடு தங்கிப் பிடிமானம் போய்விடும். ஆறினால் திரும்பும். ஆனாலும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். ஷூ மேல் கண்ணாடி போல மினுமினுப்பு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். முன்னால் டிஸ்க் இருந்தால் பிரேக் ஆயிலையும் கேளுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்தால் லீவர் சும்மா உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது எந்த வளைவை எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது. இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையில் இரண்டையும் சேர்த்து அழுத்தி, விட்டுவிடுங்கள். சாவியை அணைத்து நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களை அந்த மலையில் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் தானாகவே நிற்கும். அணைத்து இறங்குவதில் மிச்சம் ஒன்றும் இல்லை. பிரேக் சூடாகிவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மலைச் சாலை வழக்கம்.

பழைய வண்டி வாங்குகிறேன். டயர் புதுசு என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், வாணியம்பாடி

டயர் பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வருடம் கூடினால் ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகத் திட்டம். கூட்டமாகப் போவது இதுதான் முதல் முறை. என்ன கவனிக்க வேண்டும்?
— நண்பர்கள், வேலூர்

நல்ல பாதை தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வேகம் குறைந்தவரை, அல்லது சிறிய வண்டிக்காரரைத் தலைவருக்கு அடுத்தபடியாக வையுங்கள். அவர் கடைசியில் இருந்தால் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார், அங்கேதான் விழுவார்கள். கடைசி வண்டி அனுபவம் உள்ளவர், பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பையும் அவரிடம். ஹைவேயில் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என்று மாற்றி மாற்றி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டுப் போங்கள். மலை வளைவில் இந்த வரிசை வேண்டாம், ஒருவர் பின் ஒருவர். பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அடுத்த திருப்பத்தில் நிற்க வேண்டும். இதை எல்லோரும் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

இன்னொன்று. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இடம் என்பதால்தான் ஜவ்வாது மலையில் வைத்தார்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போனால் ஹை பீம், கூடுதல் எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

தாத்தாவின் 1979 யெஸ்டி பத்து வருடத்துக்கு மேலாக மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. ஓடவைக்க முடியுமா? உதைத்துப் பார்த்தேன், கிக்கர் அசையவில்லை.
— வாசகர், வாலாஜாபேட்டை

முடியும், ஆனால் இனிமேல் உதைக்காதீர்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். பலம் கொடுத்தால் சிலிண்டரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றி, உள்ளே இரண்டு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, பிளக் துளையைத் துணியால் மூடி, ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சிறிது விட்டால் அன்றைக்கு அது போதும், மறுபடி ஆயில் விட்டு அடுத்த நாள் பாருங்கள். இரண்டு மூன்று நாளிலும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

சக்கரம் சுழன்றாலும் உடனே பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க் பகுதி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இத்தனை வருடம் நின்றதில் ஆயில் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் பங்கு குறைந்து, பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். சீல் செட் பெரிய செலவில்லை. யெஸ்டி நன்றாகத் தெரிந்த கையாகப் பார்த்துக் கொடுங்கள். கிக்கரே கியர் லீவராக மாறும் வண்டி அது, கியர் போடும்போது கிளட்ச் தானாக விலகும் அமைப்பும் உண்டு. புதிதாகத் திறக்கிறவர்கள் அந்த இடத்தில் திணறுவார்கள். ஓடத் தொடங்கியதும் லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுங்கள். மைசூரில் 1996-இலேயே தயாரிப்பு நின்ற இஞ்சின் என்றாலும், பாகங்கள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. தாத்தா மாட்டிய அசல் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கார்பரேட்டர், மக்கார்டு, பேட்ஜ் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் வையுங்கள்.

பேப்பர் வேலையையும் இப்போதே தொடங்குங்கள். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றானது. வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். உரிமையாளர் இறந்திருப்பதால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. இரு சக்கர வண்டிப் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. எண் அழிந்துவிட்டால் பதிவே சிக்கலாகிவிடும்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் மேல்துரு மட்டும் படிந்திருக்கிறதா, தகடே செதில் செதிலாக உரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். எது என்று தெரிந்தால்தான் டேங்கைக் கழுவுவதா, அடித்தகடு மாற்றுவதா என்று சொல்ல முடியும்.